அண்ணி வாய் திறந்த ஒன்பது மணி

எங்கள் அண்ணியை என் அண்ணன் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார். நானும் அண்ணியும் ஒரே ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்கிறோம். படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்து மடிப்போம். நாலு விரிப்பு மடிப்பதற்குள் நாலு குடும்பத்துக் கதை முடிந்துவிடும்.

ஆனால் வீட்டில் யாராவது பயணம் கிளம்பினால், அவர்கள் போய்ச் சேரும்வரை அண்ணி பேசமாட்டார். மனசுக்குள் வேண்டுதல் மட்டும் ஓடும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, தானாகப் பிடித்துக்கொண்ட பழக்கம். வீடு கொஞ்சம் அமைதியாக இருக்க நான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது என்று அண்ணன் கிண்டலடிப்பார்.

அவர்கள் மகள் நர்ஸ் வேலைக்குத் தூரதேசம் கிளம்பினாள். முதல் விமானப் பயணம். டிக்கெட்டில் காலை ஆறு மணிக்குக் கிளம்பி அன்றைக்கே காலை ஒன்பதுக்கு இறங்குவதாகப் போட்டிருந்தது. மூன்று மணி நேரம்தானா, என் மாமியார் ஊருக்கே இதைவிட அதிகம் ஆகுமே என்றார் அண்ணன். மகள் ஏதோ விளக்க வந்தாள். பெட்டி எடை கூடிப்போன கலவரத்தில் யார் காதிலும் ஏறவில்லை.

ஆறு மணிக்கு அண்ணி வாயை மூடினார். வேலைக்கு வந்தும் தலையாட்டல்தான். சுவர்க் கடிகாரம் ஒன்பதைத் தொட்டதும் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு ஆரம்பித்தார். அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது.

பத்தரை ஆகியும் மகள் போன் பண்ணவில்லை. அண்ணியின் பேச்சு தேய்ந்தது. இரண்டு பேரும் மேலே போய், வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் கேட்டோம். அவள் தன் போனில் பார்த்துவிட்டு, எட்டாயிரம் கிலோமீட்டர், பத்து மணி நேரம் பறக்கணும், விமானம் இன்னும் வானத்தில்தான் இருக்கிறது என்றாள்.

"டிக்கெட்ல ஒன்பதுன்னு இருக்கேம்மா" என்றேன்.

"அது அந்த ஊர் ஒன்பது, அக்கா. நமக்கு அப்ப சாயங்காலம் நாலு."

ஒன்பதில் நம் ஒன்பது, அவர்கள் ஒன்பது என்று இரண்டு உண்டா? எனக்குத் தலை சுற்றியது. அண்ணிக்கு முகமே வெளுத்துவிட்டது.

"பாதி வழியில பேசிட்டேனே" என்றார். அதோடு வாயை மூடினார். விரிப்பு மடிக்கும்போதெல்லாம் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கடவுளுக்குத் தெரியாதா அண்ணி, தெரியாமல் நடந்ததுதானே என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

நாலு மணி தாண்டி போன் வந்தது. விமானம் தரையைத் தொட்டுவிட்டது, கதவு திறக்கக் காத்திருக்கிறோம் என்றாள் மகள். அண்ணி பேசாமல் போனை என்னிடம் நீட்டி, காலால் தரையைத் தட்டிக் காட்டினார்.

"கீழ இறங்கினப்புறம்தான் உங்கம்மா பேசுவாங்களாம், கண்ணு."

அண்ணன் மகள் சிரித்தாள். போனை வைக்காமலே நடந்து, "இறங்கிட்டேன் அத்தை, அம்மாகிட்ட குடுங்க" என்றாள்.

"ஏண்டி, காலையில நம்ம ஒன்பது மணிக்கு உனக்கு ஒண்ணும் ஆகலையே?" அண்ணி போனை வாங்கிக் கேட்டார். "போய்ச் சேர்ந்துட்டேன்னு நெனச்சுப் பேசிட்டேன்டி."

"அப்பதாம்மா நல்லா தூங்கினேன். நீ பேசிட்டு இருந்தாதானே எனக்குத் தூக்கமே வரும்."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விரிப்பின் முனையை எடுத்தார். ஐந்தாவது வீட்டுக் கதை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. எனக்குத்தான் அந்த இடைப்பட்ட ஏழு மணி நேரம் எங்கே போனதென்று இன்னும் பிடிபடவில்லை. கடவுளிடம் பத்திரமாக இருக்கும்.