குருக்கள்மடத்துக் கடலில் கட்டைமூக்கு ஓங்கில்

குருக்கள்மடம், சனிக்கிழமை, அதிகாலை 5.10. மணலிலிருந்து படகு தள்ளப்பட்டபோதே என் பொறுமையில் பாதி செலவாகியிருந்தது. முதல் நாள் கண்டியிலிருந்து மட்டக்களப்புவரை ஆறு மணி நேரம் பேருந்து. அங்கிருந்து கல்முனை வீதியில் இன்னும் பதினேழு கிலோமீற்றர். நகரில் ஓங்கில், அதாவது டொல்பின், பற்றி யாரைக் கேட்டாலும், பாடும் மீனைக் கேட்கக் கல்லடிப் பாலத்துக்குப் போகச் சொன்னார்கள். எனக்கு வேண்டியது போத்தல்மூக்கு ஓங்கில். கற்பிட்டியிலும் திருகோணமலையிலும் அதைத் தேடி, சுழன்று பாயும் சிறிய இனத்தை மட்டும் கண்டு திரும்பியிருக்கிறேன். திங்களன்று பல்கலைக்கழகச் சஞ்சிகைக்குக் கட்டுரை கொடுக்க வேண்டும்; காணாததை எழுதுவதில்லை என்பது என் பிடிவாதம். பிற்பகல் ஒரு மணிக்கு மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குத் திரும்பும் பேருந்து. ஆக, இந்த ஒரு காலைதான்.

படகு இவ்வூர் மீனவர் யோகன் அண்ணனுடையது. இரவு என்னைத் தங்கவைத்ததும் அவர் வீட்டில்தான். இயந்திரத்தைப் பிடித்திருந்தவர் அவர் மைத்துனர் சிவா. எரிபொருளுக்கு நாலாயிரம் ரூபா கொடுத்திருந்தேன்.

6.25. கரையிலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீற்றர். நூற்றுக்கும் மேற்பட்ட ஓங்கில்கள் எழும்பிப் பம்பரமாய்ச் சுழன்று விழுந்தன. அழகுதான், மூன்றாவது முறையாக அதே அழகு.

“இந்தா, கேட்டீங்களே தங்கச்சி. கண் நிறையப் பாருங்க,” என்றார் யோகன் அண்ணன்.

“இவை இல்லை அண்ணா. நான் சொன்னவை பெரியவை. சாம்பல் நிறம், கட்டை மூக்கு.”

“அதுவா? அதுக்குக் கீழ என்ன இரிக்கு?”

கேள்வி விளங்காமல் விழித்தேன். சிவா சொன்னார்: “இதுக்குக் கீழ சூரை ஓடும். மற்றது நம்மட வலையைத்தான் கிழிக்கும். அதைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

நான் கொண்டுவந்திருந்த ஓங்கில் புத்தகம் மூக்கைக் கொண்டு இனம் பிரித்தது. இவர்கள் கீழே ஓடும் மீனைக் கொண்டு பிரித்தார்கள்.

7.40. மேற்கே மூன்று கரிய முதுகுத் துடுப்புகள். எழுந்து நின்றேன். அந்நேரம் பார்த்து, படகின் பின்னால் விட்டிருந்த இரண்டு தூண்டில்களும் இழுபட்டன.

“அஞ்சு நிமிசம் தங்கச்சி.”

ஐந்து நிமிடம் ஐம்பதானது. பதினொரு சூரை படகில் ஏறியபோது துடுப்புகள் போய்விட்டன. கோபத்தைச் சொல்ல எனக்கு வராது. குறிப்பேட்டை மூடினேன். அதையும் சிவா விடவில்லை.

“அத்தான், தங்கச்சிக்குத் தலை சுத்துது போல. பேச்சே இல்ல.”

10.15. கரைக்கு முந்நூறு மீற்றர். படகை இழுக்க ஆட்கள் சேரும்வரை அலைக்கு வெளியே இயந்திரத்தை நிறுத்திக் காத்திருப்பது இங்கு வழக்கம். ஆட்கள் நிதானமாகச் சேர்ந்தார்கள். சிவா சூரையைக் கீறிக் குடலைக் கடலில் எறிந்தார். நான் பேருந்து நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன்.

அருகே பெருமூச்சு போல ஒரு சத்தம்.

ஏழு. சாம்பல் நிறம், கட்டை மூக்கு. குட்டியொன்று தாயின் விலாவோடு ஒட்டி நீந்தியது. தாய் குடலைக் கவ்வப் பிரிந்ததும், இன்னொன்று வந்து குட்டிக்கும் படகுக்கும் நடுவே நின்றது. தாய் திரும்பியதும் விலகியது. யாரும் ஏவாத காவல்.

“இவை எங்கிருந்து வருகின்றன?” என்று கேட்டேன். நெடும் வலசை பற்றி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

“எங்கயிருந்தும் வாறல்ல. நாளும் இஞ்சதான் நிக்கும்,” என்றார் யோகன் அண்ணன்.

“ஏன் அண்ணா சொல்லவில்லை?”

“கடலுக்குப் போகணும் எண்டு நீங்கதானே சொன்னீங்க. இது கரைதானே.”

12.20. யோகன் அண்ணனின் மனைவி புஷ்பா அக்கா சோற்றுப் பொதியோடு வீதிவரை வந்தார். நடந்ததைச் சொன்னேன், குரலில் எரிச்சல் தெரிந்திருக்க வேண்டும்.

“நேத்துப் பின்னேரமும் நிண்டதுகள் புள்ள, நீங்க கடற்கரையில இரிக்கக்குள்ள. புத்தகத்தில ஓங்கில் படம் பாத்துக்கிட்டிருந்தீங்க. படிக்கிற புள்ளையைக் குழப்பக் கூடாதெண்டு நான் சொல்லல்ல.”

பேருந்து வந்தது. மட்டக்களப்புவரை இடப்பக்கம் அவ்வப்போது வாவி தெரிந்தது. பதினேழு கிலோமீற்றரும் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை.