வெடி கொண்டவர்

சூசை மிக்கேலின் மனு, அவர் இறந்துவிட்ட காரணத்தால் தள்ளுபடி ஆகவில்லை. முன்னாள் படைவீரர்களுக்கான மாவட்ட அலுவலகத்தில் அந்தக் கோப்பைப் பார்க்கும் எழுத்தர், கடந்த திங்கட்கிழமை அவருடைய மனைவி பிலோமினாவின் முன்னிலையில் இதை என்னிடம் உறுதிசெய்தார். பணிப் பதிவேட்டில் போர்க் காயத்துக்கான பதக்கத்தைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கும் அந்த மனுவில், மனுதாரர் என்ற இடத்தில் இனி பிலோமினாவின் பெயர் இருக்கும். இன்றைக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மற்றவற்றில் எனக்கே குழப்பம் உண்டு. கடியப்பட்டணத்துக்காரர்களும் அவரோடு படையில் இருந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நான் அஞ்சுகிராமத்தில் என் வீட்டில் இருந்தேன். தொலைபேசியில் பிலோமினா மதினி. "தம்பி, அவிய போயிட்டாவ" என்றார். குரலில் அழுகை இல்லை. அதனால் நான், "எங்க மதினி, ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டேன். பிறகு மறுபடியும், "இல்ல தம்பி. போயிட்டாவ" என்றார். மாரடைப்பு என்று பிறகு மகள் சொன்னாள். அந்தக் குடும்பத்தோடு எனக்கு இருபது ஆண்டுக்கு மேல் பழக்கம். இருந்தும் அவர்கள் பேச்சில் ஒரு சொல் எனக்கு வேறொன்றாகக் கேட்பது அதுவே முதல் முறையல்ல.

மிக்கேல் அண்ணாச்சி ராணுவத்தில் வயர்லெஸ் இயக்குநராக இருந்தவர். ஓய்வு பெற்று வந்தபின் கடியப்பட்டணத்தில் படகுகளின் வயர்லெஸ், ஜிபிஎஸ் கருவிகளைப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். ஒரு புயலுக்கு மறுநாள் காலை, பத்திரிகையாளனாக, காணாமல் போன படகைப் பற்றி விசாரிக்கத்தான் முதன்முதலில் அந்தக் கடைக்குப் போனேன். படகு மூழ்கிவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. அவர்தான் சொன்னார் என்றும் சொன்னார்கள். காதில் கருவியோடு உட்கார்ந்திருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சத்தம் கேக்கல்லன்னுதான் சொன்னேன். மூழ்கிச்சுன்னு சொன்னேனா மக்கா? கேட்டத மட்டும் எழுது." எழுதினேன். படகு மறுநாள் கேரளக் கரையொன்றில் ஒதுங்கியது. ஆட்கள் உயிரோடு இருந்தார்கள். அதன் பிறகு கடல் செய்தி எதுவானாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் அச்சுக்குக் கொடுத்ததில்லை.

இலங்கைக்கு அமைதிப் படையாகப் போனவர்களில் அவரும் ஒருவர் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருந்தது. மழைக்காலத்தில் காலை இழுத்து நடப்பார். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நான்கைந்து வருடங்களுக்கு முன், மருத்துவ அட்டை ஒன்றுக்காக மகள் அவருடைய பணிப் பதிவேட்டின் நகலை வாங்கி வந்தாள். அதில் காயத்துக்கு எதிரே ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அவள் அதைத் தமிழாக்கி வாசித்தாள்: வெடிபொருளைச் சுமந்து சென்றபோது கீழே விழுந்ததில் ஏற்பட்ட விபத்து.

"நான் எப்பம்லே வெடி சுமந்தேன்?" என்று அவர் அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அவர் சுமந்தது வயர்லெஸ் பெட்டி.

விஷயம் எப்படியோ கடற்கரைக்குப் போய்விட்டது. கருவியைப் பழுது பார்க்கக் கொண்டுவரும் இளைஞர்கள், "அண்ணா, மெதுவா புடியும், கீழ போட்டா வெடிச்சிரும்" என்று கேலி செய்தார்கள். 'வெடி மிக்கேல்' என்று பெயரும் வைத்தார்கள். மற்றவருக்கு இது சிரித்துவிட்டுப் போகிற கேலி. அவரால் சிரிக்க முடியவில்லை. அவருடைய மூத்த அண்ணன் கடலில் வெடித் தோட்டா வீசி மீன் பிடிக்கப் போய்க் கையை இழந்தவர். வெடியைக் கையாளத் தெரியாமல் கெட்டவன் என்ற பேச்சை அந்த மனிதர் சாகும்வரை கேட்டதை வீட்டில் இருந்து பார்த்தவர் மிக்கேல் அண்ணாச்சி. தன் பெயருக்கு எதிரேயும் அதே வரி, அதுவும் அரசாங்க முத்திரையோடு இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

என்னைக் கூப்பிட்டனுப்பி, அது துப்பாக்கியால் சுட்ட காயம் என்றார். பதிவேட்டைப் பார்த்தேன். குண்டுக் காயம் என்றால் மருத்துவர் அப்படித்தானே எழுதியிருப்பார் என்று கேட்டேன். முதலில் கட்டுப் போட்ட மருத்துவர் எழுதிய தாள் கோப்பில் இல்லை. இந்தியாவுக்குக் கொண்டுவந்த பிறகு, தையல் போட்ட காலோடு படுத்திருந்தவரிடம் ராணுவ எழுத்தர் ஒருவர் வந்து கேட்டு எழுதியது மட்டும் மிஞ்சியிருந்தது. எழுத்தர் தமிழர், வடக்கே எங்கோ கொங்குப் பக்கம். இவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று தமிழிலேயே கேட்டாராம்.

"என்ன கேட்டார், நீங்க என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க அண்ணாச்சி."

"என்ன ஆச்சுன்னு கேட்டான். வெடி கொண்டு வீந்தேன்னு சொன்னேன்."

"வெடிய எங்க கொண்டு போனீங்க?"

"ஏலே, நான் எங்க கொண்டு போனேன்? வெடி கொண்டுன்னுல்லா சொல்லுகேன்."

"அதத்தான் கேக்குறேன். எங்க கொண்டு போனீங்க?"

அவர் என்னை முறைத்தார். நானும் விடவில்லை. அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்த பிலோமினா மதினி ஈரக் கையோடு வெளியே வந்தார். "தம்பி, கொண்டு போகல்ல. கொண்டு. காலுல கொண்டு" என்று தன் தொடையில் ஓர் அடி அடித்துக் காட்டினார். "கல்லு கொண்டு மண்டை பொளந்துன்னு உங்க ஊருல சொல்லமாட்டாவளா?"

"கல்லு பட்டுன்னு சொல்லுவோம் மதினி."

"அப்பம் துவக்கால சுட்டா?"

"குண்டு பட்டுச்சுன்னு சொல்லுவோம்."

"நாங்க வெடி கொண்டுன்னு சொல்லுவோம்." சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி, கணவரைப் பார்த்தார். "பாத்தியளா? இந்தத் தம்பி கேட்டது மாதிரிதான் அந்த ஆளும் கேட்டிருப்பான்."

நாங்கள் ஒரே மாவட்டத்துக்காரர்கள். எங்கள் ஊர் திருநெல்வேலி எல்லை, அவர்கள் ஊர் மலையாளச் சாயல் விழுந்த மேற்குக் கரை. பேருந்தில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். "மலையாளி வந்து கேட்டிருந்தா தப்பில்லாம எழுதியிருப்பான், அவனும் வெடி கொண்டுன்னுதான் சொல்லுவான்" என்றார் மிக்கேல் அண்ணாச்சி. "தமிழன் கேக்கானேன்னு நம்பிப் பேசினேன்."

அவர் கேட்டது திருத்தம் மட்டும்தான். மாவட்ட அலுவலகத்தில் அதற்கு வழியில்லை என்றார்கள். காயத்தின் காரணம் மாறினால் அது போர்க் காயம். போர்க் காயம் என்றால் பதக்கம் உண்டு. ஆகவே பதக்கத்தைப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லித்தான் மனு கொடுக்க முடியும். அப்போதும் நான் கடந்த திங்கட்கிழமை பார்த்த அதே எழுத்தர்தான்.

"தப்ப மட்டும் வெட்டிட்டு, பதக்கத்த விட்டுரலாமா சார்?"

"அப்படி ஒரு மனு கெடையாது ஐயா."

"பதக்கம் வேண்டாம்னா?"

"வேண்டாம்னு சொல்லுகதுக்கு மொதல்ல கெடைக்கணும்லா."

மிக்கேல் அண்ணாச்சி அதற்கு மட்டும் சிரித்தார். மனுவில் 'எதிரியின் தாக்குதலில்' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வெளியே தேநீர்க் கடையில் நிற்கும்போது, இப்போது நிம்மதிதானே என்று கேட்டேன். "தெரியல்ல மக்கா" என்றார். அன்றுதான் இலங்கையில் அவர் என்ன வேலை பார்த்தார் என்று சொன்னார். தமிழ் தெரிந்தவர் என்பதால், எதிர்த்தரப்பினர் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வதைக் கேட்டு மேலதிகாரிக்குச் சொல்வது அவர் பொறுப்பு. அந்தப் பேச்சு அவருக்கு முதல் நாளிலிருந்தே விளங்கியதாம். "அவனுகளும் சுடுகத வெடின்னுதான் சொல்லுவானுக. வெடி விழுந்துன்னு சொல்லுவானுக. நம்ம வீட்டுல பேசுகது மாதிரியே இருக்கும். அதுல ஒருத்தன் பேசையில எல்லாம் இருமுவான். சுக்குத் தண்ணி குடிலேன்னு எனக்கு வாய் வரைக்கும் வரும்." டம்ளரைக் கீழே வைத்தார். "என்னைய வெடி வச்சது அவனா வேற எவனான்னு தெரியாது. ஆனா வெடி வச்சவனுக்கு நான் சொல்லுகது விளங்கும். எழுத வந்தவனுக்கு விளங்கல்ல. இதுல நான் எவனை எதிரின்னு எழுதிக் குடுக்க?"

"கையெழுத்துப் போட்டுட்டீங்களே அண்ணாச்சி."

"போடாம? வெடி சுமந்து கெட்டவன்னு சாவணுமா?"

இரண்டுக்கும் நடுவில் அவர் எங்கே நின்றார் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அடுத்த முறை பார்க்கும்போது மனுவைத் திரும்ப வாங்க முடியுமா என்று விசாரித்தார். அதற்கடுத்த முறை, பதில் ஏன் இன்னும் வரவில்லை என்று கோபப்பட்டார்.

அடக்கத்தன்று பங்குக் கோயில் நிறைந்திருந்தது. முன்னாள் வீரர்கள் கொடியோடு வந்திருந்தார்கள். அவர்களில், கொட்டாரம் ஊரிலிருந்து வந்த ஒருவர், தஞ்சாவூரில் பிறந்து இங்கே வீடு கட்டிக் குடியேறியவர், மறைந்தவரைப் பற்றிய குறிப்பை வாசித்தார். பணிப் பதிவேட்டைப் பார்த்து அக்கறையோடு தயாரித்திருந்தார். வெடிபொருளைச் சுமந்து சென்றபோது நேர்ந்த விபத்தில், என்று அவர் தொடங்கியதும் முன் வரிசையில் பிலோமினா மதினி எழுந்துவிட்டார்.

"நிறுத்தும் சார். அவிய ஒண்ணும் சுமக்கல்ல. வெடி கொண்டாவ."

"ஆமாம்மா, அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார் அவர், ஆறுதலாக.

"அதில்ல சார். வெடி கொண்டாவ!"

அவர் குழம்பிப்போய்த் தாளையும் மதினியையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தாள். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "சுட்டுட்டானுவன்னு சொல்லுகாவ சார்!" என்று கத்தியது. சொன்னவன் 'வெடி மிக்கேல்' என்று கேலி செய்த இளைஞர்களில் ஒருவன். வாசித்தவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த வரியை அடித்து, மேலே எழுதி, தொடக்கத்திலிருந்து மறுபடியும் வாசித்தார். மதினி முழுவதும் கேட்ட பிறகே உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் எழுத்தர் ஒரு சிக்கலைச் சொன்னார். 'வெடி கொண்டு' என்றால் குண்டடி பட்டு என்றுதான் பொருள் என்பதற்கு யாராவது சான்று தர வேண்டும். அப்படிக் கேட்பார்கள் என்று எண்ணிக் கிராம அலுவலரிடம் மதினி முன்பே கேட்டிருக்கிறார். நிலத்துக்கு எழுதித் தரலாம், ஆளுக்கு எழுதித் தரலாம், சொல்லுக்கு எப்படியம்மா தருவது என்று அவர் கையை விரித்துவிட்டார். நான் எழுதித் தருகிறேன் என்றேன். "உங்க ஊருல அப்படிச் சொல்லுவாங்களா சார்?" என்று கேட்டார் எழுத்தர். இல்லை என்றேன். "அப்பம் நீங்க சாட்சி ஆக மாட்டீங்க" என்றார். அவர் சொன்னது சரிதான்.

திரும்பும் பேருந்தில் மதினியிடம் கேட்டேன், அண்ணாச்சி அந்தப் பதக்கத்தை விரும்பினாரா என்று. "வேணும்னுதான் சொன்னாவ. என் கையில குடுப்பேன்னு சொன்னாவ" என்றார். தேநீர்க் கடையில் அவர் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். மதினி சன்னல் பக்கம் பார்த்தபடி, "உம்மகிட்ட சொன்னதும் நெசமாத்தான் இருக்கும்" என்றார். இரண்டு தகவல்களும் நேரில் கேட்டவர்கள் சொன்னவை. ஒன்றை வைத்து மற்றொன்றைத் தள்ள எனக்கு முகாந்திரம் இல்லை. எவனை எதிரி என்று எழுதிக் கொடுப்பது என்ற அவருடைய கேள்வியைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு விடை தெரிந்தவன்போல நான் எங்கும் பேசப் போவதில்லை.

நிலுவையில் இருப்பவை: முதல் மருத்துவரின் தாளைப் படைப்பிரிவின் பதிவகத்தில் தேடுகிறார்கள், கிடைக்குமா என்று யாரும் சொல்லவில்லை. மனு மீதான முடிவு ஜூன் மாதக் கடைசிக்குள் வரலாம் என்று எழுத்தர் சொல்கிறார். சொல்லுக்கான சான்றைத் தர ஒரு கல்லூரியின் தமிழ்த்துறை ஒப்புக்கொண்டிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை மதினி அங்கே போய், கணவர் சொன்ன வாக்கியத்தைச் சொல்லிக் காட்ட வேண்டும். அந்த வாக்கியத்தை ஒரு தமிழர் தப்பாகப் புரிந்துகொள்ள முடியுமா என்று பார்க்க மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியும் வருவார். திருச்சிக்காரராம்.

"அப்பம் அவருக்கு விளங்கணுமே தம்பி" என்று மதினி நேற்று தொலைபேசியில் கவலைப்பட்டார். "நல்ல தமிழ்ல சொல்லட்டா?"

"வேண்டாம் மதினி. வீட்டுல சொல்லுகது மாதிரியே சொல்லுங்க. அவருக்கு விளங்கக் கூடாது."