மூச்சு மறந்த தம்பி

மறதிக்கு எங்கள் வீட்டில் நான்தான் பேர்போனவள். பலகையை வீட்டில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். பையைப் பள்ளிக்கூடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு வருவேன். ஆகவே குறைமாதத்தில் பிறந்த தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையார்பாளையம் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவன் என்னையும் மிஞ்சியவன். மூச்சு விடவே மறந்துவிடுவானாம்!

கூட வந்த நர்சம்மா அப்படித்தான் சொன்னாள். "நடுநடுவுல மூச்சு வுட மறந்துடுவான்மா. உள்ளங்கால்ல ஒரு சுண்டு சுண்டுங்க, ஞாபகம் வந்துடும். ஒரு மாசம் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கினு பாருங்க, அப்புறம் பயமில்ல."

அப்பா என்னைப் பார்த்து, "அக்காவுக்கு ஏத்த தம்பி" என்றார்.

தம்பியை நான்தான் பார்த்துக்கொள்வேன் என்று தரையில் புரண்டு அழுதேன். அழுகை பொறுக்காமல் அப்பா அவன் வலது காலில் துணியைச் சுற்றி, அதில் பட்டிழை ஒன்றைத் தளர்வாகக் கட்டி, மறுமுனையை என் கையில் கொடுத்தார். வயிறு ஏறி இறங்காவிட்டால் இழுக்க வேண்டும். கலெக்டர் வேலை கிடைத்ததுபோல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அம்மாமேல்தான் எனக்குக் கோபம். பெற்றவள் பகலெல்லாம் பக்கத்திலேயே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தாள். தம்பியின் இடது காலில் அவள் கட்டியிருந்த கறுப்புக் கயிறு வேறு முழக்கணக்கில் நீண்டு கிடந்தது.

"திருஷ்டிக் கயிறு இம்மா நீளமாம்மா?"

"நீளமா இருந்தா ஆயுசும் நீளம்டி" என்றாள், திரும்பாமலே.

பங்குனி உற்சவத்தில் ஒரு காலை, சாமி எங்கள் தெருமுனைக்கு வந்தது. நாதஸ்வரம் கேட்டதும் என் கால் இரண்டும் தரையில் நிற்கவில்லை. அடுத்த அறையில் சித்தப்பா தறியில் இருந்தார். பளிச்சென்று ஒரு யோசனை. பட்டிழையைத் தறியின் மிதிகட்டையில் முடிந்தேன். சித்தப்பா மிதிக்க மிதிக்கத் தம்பிக்கு ஞாபகம் வந்துகொண்டே இருக்கும்! என் மூளையை நானே மெச்சிக்கொண்டு ஓடினேன்.

சாமியைக் கண்குளிரப் பார்த்தேன். திரும்பினால், கூட்டத்தில் எனக்குப் பின்னால் கைகூப்பி நிற்கிறார் சித்தப்பா.

ஐயோ! தறி?

எப்படி ஓடினேனோ தெரியாது. 'தம்பி செத்துடுவான், தம்பி செத்துடுவான்' என்று வாய்விட்டு அழுதுகொண்டே வாசலைத் தாண்டினேன். உள்ளே தறிச்சத்தம் இல்லை. ஆனால் தெருவே அதிரும்படி வீல் வீலென்று ஓர் அலறல். தம்பிதான்! முகம் சிவந்து, கைகாலை உதைத்துக்கொண்டு அழுதான். எனக்கு உயிர் வந்தது.

அம்மா அப்போதும் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தாள். "வந்துட்டியா? தம்பிய பாத்துக்கினியா?"

"பாத்துக்கினுதாம்மா இருந்தேன்" என்று கூசாமல் புளுகினேன்.

"நீ இருக்கிறதுதான்டி எனக்குத் தைரியம்."

தம்பி தானாகவே மூச்சை ஞாபகம் வைத்துக்கொண்டான் என்று அன்று தெருவெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். இவ்வளவு அலறலுக்கும் அசையாமல் படுத்திருந்தவளை நினைத்தால்தான் ஆற்றாமையாக இருந்தது. அந்தக் கறுப்புக் கயிற்றின் மறுமுனை அவள் ஆள்காட்டி விரலில் நாலைந்து சுற்றுச் சுற்றியிருந்தது; சுற்றிய இடம் கன்றிச் சிவந்திருந்தது. நெசவுக்காரர் வீடாயிற்றே, மிச்சக் கயிறு வீணாகக் கூடாதென்று சுற்றி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.