தாழ்ப்பாள் இல்லாத வீடு

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்து நம்பர் சொல்கிறவள் லென்ஸக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ வைத்த பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டு, கடைசியில் முதலாளியே அப்படித்தான் கூப்பிட்டார். நான் ஃப்ரேம் பொருத்துகிறவள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கறுப்புத் திரைதான். அதற்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்து, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று நாள் முழுக்க அவள் கேட்பது என் காதில் விழுந்துகொண்டே இருக்கும். எத்தனை பேரிடம் கேட்டாலும் குரலில் சலிப்பு வராது. ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது என்று எரிந்து விழுகிற கிழவர்களிடம்கூட, "பரவாயில்லங்கய்யா, கண்ணச் சிமிட்டிட்டு இன்னொரு தடவ பாருங்க" என்பாள்.

அக்காவின் வீட்டுக்காரர் வீடுகளுக்கு உள்வடிவமைப்பு செய்கிறவர். எந்நேரமும் சாம்பல் நிறச் சட்டை, மெல்லிய குரல். கல்யாணமான புதிதில் அவருக்கு யாரும் பெரிய வேலை தரவில்லை. சமையலறை அலமாரி, படிக்கட்டுக்கு அடியில் செருப்பு வைக்கும் பெட்டி என்று துக்கடா வேலைகள்தான். அப்போது ஒரு பழைய அடுக்குமாடியில் இவர்கள் வீடு வாங்கினார்கள். சின்னச் சின்ன அறைகள். அந்தச் சுவர்களை உடைத்து, தன் கைவேலை முழுவதையும் அதில் காட்டி, வாடிக்கையாளர்களைக் கூட்டிவந்து காண்பிப்பது என்று அவர் முடிவு செய்தார். "சுவர்தான் மனுஷங்களப் பிரிக்குது. ஒரு வீட்டுல இருக்கவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்பது அவருடைய பேச்சு. அக்காவுக்கு அந்தப் பேச்சில் கிறக்கம் உண்டு. அதை எங்களிடம் ஒப்பித்துக் காட்டுவாள்.

வேலை முடிந்ததும் கடையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டாள். நாங்களும் போனோம். வாசலில் நின்றால் கடைசி ஜன்னல் வரை பார்வை தங்குதடையில்லாமல் ஓடியது. வெள்ளைச் சுவர், சாம்பல் தரை. ஒரு நீளக் கல்மேடைதான் சமையலறை. படுக்கைக்கும் கூடத்துக்கும் இடையில் மெல்லிய மரச் சட்டங்கள் வரிசையாக நின்றன, காற்றும் வெளிச்சமும் பேச்சும் தாராளமாகப் போய்வரும் இடைவெளியோடு. குளியலறைக்கு மட்டும் தள்ளித் திறக்கிற கண்ணாடி. அதுவும் பனி படிந்த மாதிரி மங்கல் கண்ணாடி. அலமாரிகளில் கைப்பிடி கிடையாது. அழுத்தினால் திறக்குமாம். எங்கே அழுத்துவது என்று தெரியாமல் எங்கள் லென்ஸ் வெட்டுகிறவர் சுவரையெல்லாம் தடவிக்கொண்டிருந்தார். தின்ற ஆரஞ்சின் தோலைப் போடக் குப்பைக்கூடை எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். அதைச் சொல்லிச் சொல்லிப் பல மாதம் சிரித்தோம். அக்காவும்தான் சிரித்தாள்.

வீடு அவர் நினைத்தபடியே வேலை செய்தது. ஞாயிறு தவறாமல் ஆட்கள் வந்தார்கள். பெரிய பெரிய வேலைகள் கிடைத்தன. அக்காவுக்குத்தான் ஞாயிறு என்பது இல்லாமல் போனது. கல்மேடையில் எதுவும் இருக்கக் கூடாது. குக்கர், மிக்ஸி, எண்ணெய்ப் பாட்டில் எல்லாம் உள்ளே போய்விட வேண்டும். மீன் பொரித்தால் மெத்தைவரை மணக்கும் என்பதால் மீன் நின்றது. அவர்களுக்கு ஒரே மகள்; அவள் பள்ளியில் வரைந்த படங்களை ஒட்ட ஒரு சுவர் கிடையாது. அவை ஒரு கோப்புக்குள் போயின. "என் வீட்டுல நான் ஒரு விருந்தாளி. என்ன, பாத்திரம் கழுவுற விருந்தாளி" என்று ஒரு நாள் சொல்லிவிட்டு, அதற்கும் சிரித்தாள்.

ஒரு தடவை அவளுடைய அப்பா வந்து தங்கினார். வெளியூரில் தனியாக இருந்தவர், நெஞ்சுச் சளிக்காரர். பக்கத்து மருத்துவமனையில் காட்டலாம் என்று அக்காதான் வரவழைத்தாள். வந்த மறுநாளிலிருந்து மனிதர் அடிக்கடி காணாமல் போனார். எங்கே போகிறார் என்று பார்த்தால், மாடிப்படியில் நின்று இருமிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது, உள்ள வந்து இருமுங்களேன்!"

"நான் இருமினா எல்லாருக்கும் கேக்குதும்மா. மாப்பிள்ளை போன்ல யார்கிட்டயோ பேசிட்டு இருக்காரு. பாப்பா வேற படிக்குது."

மருந்தை வாங்கிக்கொண்டு, சொன்ன நாளுக்கு முன்னதாகவே அவர் ஊருக்குப் போய்விட்டார். "அப்பாவுக்கு இந்த மாதிரி வீடு பழக்கமில்ல, அதான்" என்றார் வீட்டுக்காரர். அவர் வருத்தமாகத்தான் சொன்னார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது. அதுதான் அக்காவின் கஷ்டமே. கெட்டவராக இருந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லியாவது அழுதிருப்பாள்.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். தகவல் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். புது வீடு கட்டுகிற ஒரு தம்பதி வந்திருந்தார்கள். வீட்டுக்காரர் அவர்களுக்குக் கல்மேடையைக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலோரம் நின்று போனை எடுத்தாள். "அப்பா போயிட்டாரு" என்று ஊரில் அப்பாவின் பக்கத்து வீட்டில் இருந்தவர் சொன்னது காதில் விழுந்த கணத்தில், தான் கத்திவிடப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே போவது? எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த இருவரின் முகம். வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கண்ணாடியை இழுத்துவிட்டாள். உள்ளே அவள் குனிந்து குலுங்குவது வெளியே நிழலாகத் தெரிந்திருக்கிறது. வந்த அம்மாள் அந்தப் பக்கம் பார்த்து, "இந்தக் கண்ணாடி நல்லா இருக்கே, உள்ள ஆள் இருந்தா இவ்வளவுதான் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்காரர் அதற்கு விளக்கமும் சொல்லியிருக்கிறார். அது அக்காவுக்கு வார்த்தை பிசகாமல் கேட்டது.

பிறகு அவர் கண்ணாடி அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"என்னாச்சு?"

"அப்பா... அப்பா போயிட்டாருங்க."

அவர் குரலை இன்னும் தாழ்த்திச் சொன்னார்: "ஐயோ. சரி... இவங்கள அனுப்பிட்டு வந்துடறேன். கிளம்பற மாதிரிதான் இருக்காங்க. அதுவரைக்கும் கொஞ்சம் அடக்கிக்கோம்மா."

அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். அந்தத் தம்பதியைப் பார்த்துத் தலையசைத்தாள். சிரித்தாள் என்றுகூட அவளுக்கு ஞாபகம். லிஃப்டில் கீழே இறங்கி, கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி, தண்ணீர் மோட்டார் வைத்திருக்கும் சின்ன அறைக்குள் போய் அழுதாள். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி அவள் முகத்தைப் பார்த்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டார். "எங்கப்பாவுக்காக நான் அழறதுக்கு இடம் விட்டது அந்த மனுஷன்தான்" என்று அக்கா என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை.

ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு அவள் வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எனக்கு ஒரு ரூம் வேணும். சின்னதா இருந்தா போதும். கதவு போட்டு, உள்ள தாழ்ப்பாள் வச்சு."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது? சும்மா உக்கார."

"சும்மா உக்காரத்தான் இவ்வளவு பெரிய இடம் இருக்கே!"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் பார்க்கலாம் என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார். திரை போடலாம், அடுக்கு வைத்து மறைக்கலாம், செடி வைக்கலாம் என்று படம் படமாக வரைந்து காட்டினார். எல்லாம் அழகாக இருந்தன. ஒன்றிலும் கதவு இல்லை.

கடைசியில் அவர் ஒரு கண்காட்சிக்காக வெளியூர் போயிருந்தபோது அக்காவே ஒரு தச்சரைக் கூட்டிவந்தாள். மூலையில் துணி காயப்போடும் இடத்தைப் பலகையால் அடைத்து, கடையில் கிடைத்த சாதாரணப் பழுப்புக் கதவு ஒன்றை மாட்டச் சொன்னாள். அந்த வெள்ளை வீட்டில் அது சொத்தைப் பல் மாதிரி நின்றதாம். "நல்லா இல்லதான். எனக்கும் கண்ணு இருக்குல்ல?" என்றாள். ஆனாலும் அன்று சாயங்காலம் உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தாழ்ப்பாளைப் போட்டபோது, உடம்பிலிருந்து என்னமோ பாரம் இறங்கின மாதிரி இருந்ததாம். கொஞ்ச நேரத்தில் மகள் வந்து தட்டினாள்.

"அம்மா, முடிஞ்சுதா? நானும் கொஞ்ச நேரம் உள்ள இருந்துக்கட்டுமா?"

வீட்டுக்காரர் திரும்பி வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. அந்த வீட்டில் யாரும் சத்தம் போட முடியாது, சண்டைகூடக் கிசுகிசுத்துத்தான். "ஊர் முழுக்க நான் சொல்லிட்டு வர்றத, என் வீட்டுலயே நீ பொய்யாக்கிட்டியே" என்று மட்டும் சொன்னார். கண் கலங்கியிருந்தது. அக்காவுக்கே பாவமாக இருந்தது. ஆனால் கதவை அவர் தொடவில்லை. ஒத்துக்கொண்டார் என்று இவள் நம்பினாள்.

பிறகு ஒரு பத்திரிகையிலிருந்து வீட்டைப் படம் எடுக்க வந்தார்கள். அக்கா அன்று கடையில் இருந்தாள். சாயங்காலம் வீடு திரும்பினால் கதவும் இல்லை, பலகையும் இல்லை. திருகாணி போன துளைகளைக்கூடப் பூசி, வெள்ளை அடித்து, ஒரு உயரமான பூந்தொட்டி வைத்திருந்தது.

"போட்டோவுக்காகத்தான். திரும்ப மாட்டிடலாம்."

கதவு மாடிப்படித் திருப்பத்தில் சாய்ந்து கிடந்தது. ஒரு நாள் அங்கேயும் இல்லை. வேண்டாததென்று யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

அந்தப் பத்திரிகை எங்கள் கடைக்கே வந்தது. காத்திருப்பவர்கள் புரட்டுவதற்காக முதலாளி வாங்கிப்போடும் பத்திரிகைகளில் அதுவும் ஒன்று. நடுப்பக்கம் முழுக்க அந்த வீடு. 'சுவர்களே இல்லாத இந்த வீடு என் மனைவியின் கனவு' என்று வீட்டுக்காரர் பேட்டியில் சொல்லியிருந்தார். கண் சோதிக்க வந்த ஒரு பெண்மணி அதை விரித்துப் பிடித்தபடியே திரைக்குள் போனார்.

"பாத்தீங்களா இத? இந்த வீட்டுல இருக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

"ஆமாங்க" என்றாள் அக்கா. "தாடைய இதுல வைங்க. நேரா பாருங்க."

அந்த வாரமே அவள் தனி வீடு பார்த்தாள். மெக்கானிக் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு சமையல் தடுப்பு. தரையில் பச்சையும் மஞ்சளுமாகக் கண்றாவியான ஓடுகள். பகலிலும் விளக்குப் போட வேண்டும். மகளையும் கூட்டிக்கொண்டுதான் போனாள். வீட்டுக்காரர் தடுக்கவில்லை. "கோவம் தணிஞ்சதும் வந்துடுவா" என்று எல்லோரிடமும் சொன்னார். அவருக்கு அப்போதும் விஷயம் புரியவில்லை.

அக்கா திரும்பிப் போகவில்லை. மகள்தான் போனாள். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தது அந்தப் பெண். பிறகு ஒரு நாள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அம்மா, தப்பா நெனச்சுக்காத. இங்க என் ஃப்ரெண்ட்ஸ யாரையும் கூட்டிட்டு வர முடியல. கீழ எப்பப் பாத்தாலும் டயரு எரியற வாடை. அந்த வீட்டுக்குன்னா எல்லாரும் ஆசையா வருவாங்க."

"அங்க உனக்குன்னு ஒரு இடம் இல்லையேடி."

"பரவாயில்லம்மா. அழகா இருக்குல்ல."

அக்கா தடுக்கவில்லை. பேருந்து நிறுத்தம்வரை பையைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டு, நேராகக் கடைக்கு வந்து, அன்றும் எப்போதும் போலத்தான் கண் பார்த்தாள்.

மகள் வாரக் கடைசியில் வந்து போனாள். வரவர அதுவும் குறைந்தது. ஒரு தடவை வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. போனில் படம் காட்டினாள். பளிச்சென்று ஒரு அறை. நாலு பக்கமும் சுவர், தேன் நிறத்தில் ஒரு கதவு, பித்தளைத் தாழ்ப்பாள்.

"அப்பா எனக்குன்னே கட்டிக் குடுத்தாரும்மா. இப்ப எல்லாரும் இந்த மாதிரிதான் கேக்கறாங்களாம். தனியா இருக்க ஒரு இடம் வேணும்னு. அப்பாவோட புது வேலை எல்லாம் இப்படித்தான். நம்ம வீட்டப் பாத்துட்டு ரெண்டு பேரு உடனே செய்யச் சொல்லிட்டாங்க."

"நல்லா இருக்குடி" என்றாள் அக்கா. "எந்த இடத்துல?"

"அந்த மூலையிலதான். துணி காயப்போடுவியே, அங்க."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா இதை என்னிடம் சொன்னாள். டப்பாவைத் திறக்கவே இல்லை.

"முடியாதுன்னு இல்ல பாரு. முடியும். நான் கேட்டதுனால முடியல. ஊருல நாலு பேரு கேட்டதும் முடிஞ்சுது."

"நீங்க அவர்கிட்டயே கேட்டிருக்கணும்க்கா. நாக்கப் புடுங்கிக்கற மாதிரி."

"கேட்டா என்ன சொல்வாரு தெரியுமா? 'நீ அப்பவே சொன்ன, நான்தான் கவனிக்கல, மன்னிச்சுக்கோ'ன்னு சொல்வாரு. நெஜமாவே வருத்தப்படுவாரு. வேணாம். அந்த வருத்தத்தையும் நான்தான் சமாதானப்படுத்தணும்."

டப்பாவைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

போன வருஷம் வேறொரு ஊரில் எங்கள் கடைக்குக் கிளை திறந்தார்கள். போகிறவர்கள் யார் என்று முதலாளி கேட்டதும் அக்கா முதலில் கையைத் தூக்கினாள். வழியனுப்புகிற நாளில் கேக் வெட்டலாம் என்றோம், வேண்டாம் என்றுவிட்டாள். இப்போதும் எப்போதாவது கூப்பிடுகிறேன். எடுக்கிறாள். கடையைப் பற்றிப் பேசுகிறாள், புது மிஷினைப் பற்றிப் பேசுகிறாள், அந்த ஊர்த் தண்ணீர் சரியில்லை என்கிறாள். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், "நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் வந்துவிட்டார் என்று போனை வைத்துவிடுகிறாள்.