கிரேஸி அக்கா பிடித்த சீட்

கிரேஸி அக்காவால் ஒரே இடத்தில் பத்து நிமிஷம் உட்கார முடியாது. எங்கள் ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. ஆறு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்ததால் சொல்கிறேன். இன்வாய்ஸில் நாலு வரி அடிப்பார். எழுந்து பேக்கிங் ஹாலுக்குப் போய்ப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வருவார். இன்னும் நாலு வரி அடிப்பார். தையல் ஹாலில் யாருக்கோ பி.எஃப். படிவம் நிரப்பப் போய்விடுவார்.

அந்தத் தையல் ஹாலில்தான் அவரும் 1991இல் நூல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தார். நாட்றம்பள்ளியிலிருந்து தினமும் பஸ். வேலை முடிந்ததும் ஆம்பூருக்குப் போய் டைப்ரைட்டிங் படித்து ஹையர் பாஸ் செய்தார். 1996இல் ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, தொட்டால் கெட்டுவிடுமோ என்று ஆண்கள் தள்ளி நின்றார்கள். அக்கா போய் உட்கார்ந்தார். அந்த ஜன்னலோர நாற்காலி அன்றிலிருந்து அவருடையது. அதற்கு முன் எங்கள் ஆபீசில் ஒரு பெண்ணுக்கென்று நாற்காலி இருந்ததில்லை. ஊரெல்லாம் சுற்றினாலும் திரும்பி வந்து உட்கார அது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அவர் சுற்றினார் என்று நினைக்கிறேன்.

அவருடைய பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியும். மகனின் பெயர். "அக்கா இல்லியா? ஜெஸ்டன்னு அடி, தொறந்துக்கும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். 2006இல் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆட்கள் சோதனைக்கு வந்த அன்று அக்கா பேக்கிங் ஹாலில் இருந்தார். அவருடைய திரையில் அடுத்த சீசன் செருப்பின் வரைபடம் திறந்து கிடந்தது. அதன் முன்னால் கூரியர்காரர் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் அதைக் குறித்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு மாதத்தில் எங்கள் எல்லாருடைய கழுத்திலும் டேக் தொங்கியது. தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதன்மேல் நம் போட்டோ, மாட்டிக்கொள்ள ஒரு நீலக் கயிறு. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் விரல் நீளத்தில் இன்னொரு துண்டைச் செருகினார்கள். இரண்டும் வயர் இல்லாமலே ஒன்றையொன்று கண்டுகொள்ளும். நாம் கிட்டே போனால் கம்ப்யூட்டர் திறக்கும். ஆறடி தள்ளிப் போனால் தானாகப் பூட்டிக்கொள்ளும். கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தை அக்காவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன்.

"அதாவது நான் எழுந்துக்கினா அதுக்குக் கோவம் வந்துடும். அவ்ளோதானே?" என்றார். பிறகு தையல் ஹாலில் வேலை செய்யும் சுகரா பேகத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியா சுகரா, ஆம்பளைங்களுக்கும் சேத்து தாலி கட்டிட்டாங்க!"

முதல் நாள் அவருடைய கம்ப்யூட்டர் நாற்பது தடவையாவது பூட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் திறக்க அரை நிமிஷம் ஆனது. மூன்றாம் நாள் அக்கா டேக்கைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினார். "சீட் போட்டுட்டுப் போறேன், பாத்துக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். தினமும் பஸ் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிக்கிறவருக்கு அது தவறாகவே படவில்லை. கம்ப்யூட்டரும் நம்பியது.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட ஜியாவுல்லா நம்பவில்லை. "இன்னாக்கா இது? நீங்க பேக்கிங்ல இருக்கீங்க. கம்ப்யூட்டர் நீங்க இங்க இருக்கீங்கன்னுது. எது நெஜம்?"

"ரெண்டும் நெஜம்தான் தம்பி. மனசு இங்கதான் இருக்குது."

அடுத்த வாரமே டேக்கை நாற்காலியில் விட்டுப் போய் இன்னொரு தடவை பிடிபட்டார். மேனேஜர் சர்தார் பாஷா சார் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "கிரேஸிம்மா, மூணாவது தடவ டேக் உங்க கழுத்துல இல்லேன்னா சீட் மாறிடும். பேக்கிங்குக்குப் போய்டுங்க. அங்க டேக்கும் வேணாம், நாள் பூரா நடக்கலாம்." அக்கா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். ஆனால் அன்று சாயங்காலம் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அதன்பின் ஆபீசில் டேக் அவர் கழுத்தை விட்டு இறங்கவில்லை, அந்தத் திங்கட்கிழமை வரை. அன்று காலை பஸ் வந்தபோது அக்கா டேக்கைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார், மாட்டிக்கொள்வதற்காக. கூட்டம் முட்டியது. கைக்குட்டையைத் தேட நேரமில்லை. கையில் இருந்ததை ஜன்னல் வழியாக வீசிவிட்டார். முன்படியில் ஏறினால், நடுவில் இருக்கும் அந்த சீட் வரை போக வழியில்லை. வாணியம்பாடியில் சுகரா பேகம் ஏறினாள். மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்றாள். அந்தப் பேச்சில் டேக் மறந்தே போனது; கம்பெனி வாசலில் இறங்கியும் பேச்சு முடியவில்லை.

ஆபீசுக்கு வந்து உட்கார்ந்ததும் கழுத்தைத் தடவிப் பார்த்தார். திரை கறுப்பாகவே இருந்தது. ஹாம்பர்க் போகும் கன்டெய்னருக்கான பேப்பர்கள் அதற்குள்தான் இருந்தன. ஒரு மணிக்குள் சென்னைக்கு அனுப்பாவிட்டால் சரக்கு அந்தக் கப்பலில் ஏறாது.

விஷயம் கேட்டு சுகரா பேகம் ஓடிவந்தாள். "சொல்லாதக்கா. அதே பஸ்ஸு பன்னண்டு மணிக்குத் திரும்பி வரும். கண்டக்டர் காசி அண்ணன் எடுத்து வெச்சிருப்பாரு. அதுவரைக்கும் கம்ப்யூட்டர் ரிப்பேருன்னு சொல்லு."

அக்கா கறுப்புத் திரையைக் காட்டினார். "வேற எவனாவது அத மாட்டிக்கினு இங்க வந்து உக்காந்தா? ஜெஸ்டன் பேருகூட கேக்காது சுகரா. போட்டுக்கினவன்தான் கிரேஸி." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜியாவுல்லாவிடம் போனார். அப்போது மணி ஒன்பது.

ஜியாவுல்லா அந்த நிமிஷமே பழைய டேக்கைச் செல்லாததாக்கினார். புதியது தர மேனேஜரின் கையெழுத்து வேண்டும். அவர் எங்கள் அறைக்கே வந்தார்; எல்லார் முன்னாலும்தான் அது நடந்தது.

"மூணாவது" என்றார் மேனேஜர்.

"ஆமா சார்." அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், ஒண்ணு சொல்றேன்" என்றார் ஜியாவுல்லா. "இந்த ஆபீஸ்ல டேக்கத் தொலச்சவங்க இவங்களோட மூணு பேரு. மத்த ரெண்டு பேரும் ஒரு மாசமா வாயத் தொறக்கல. பக்கத்து சீட்டு ஆளோட டேக்க வாங்கி அவங்க கம்ப்யூட்டர்லயே வேல பாத்துக்கறாங்க. தெரிஞ்ச கால் மணி நேரத்துல வந்து சொன்னது இந்த அக்கா மட்டும்தான். இவங்களப் பேக்கிங்குக்கு அனுப்புனா இனிமே ஒருத்தரும் வந்து சொல்ல மாட்டாங்க."

அறையில் எங்கோ இரண்டு நாற்காலிகள் கிரீச்சிட்டன.

மேனேஜர் பேனாவைத் திறந்தார். "எப்படித் தொலஞ்சது?"

"பஸ்ல சீட் போட்டேன் சார்."

"எத வெச்சி?"

"அத வெச்சிதான்."

மேனேஜர் காகிதத்தின் மேல் குனிந்தார். முகம் தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது முகம் பழையபடி இருந்தது. "அந்த ரெண்டு பேரு யாருங்க? எழுந்து வாங்க."

பதினொன்றரைக்குப் பேப்பர்கள் சென்னைக்குப் போய்விட்டன. பன்னிரண்டு மணிக்கு அக்கா ரோட்டுக்குப் போய் நின்றார். பஸ் நின்றதும் காசி படியில் தொங்கியபடியே சிரித்தார்.

"இன்னா கிரேஸிம்மா, சீட்டப் போட்டுட்டு நின்னுக்கினே வந்தீங்களாமே! வேலூரு வரைக்கும் ஒருத்தரும் அதுல உக்காரல. போட்டோவும் கயிறும் பாத்துட்டு செக்கிங் ஆளு சீட்டுன்னு பயந்துட்டாங்க. திரும்பி வரச்சயும் அதே கததான். இந்தாங்க."

அக்கா அதை ஜியாவுல்லாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "இது இனிமே எதையும் தொறக்காதுக்கா. உள்ள இருக்கறத ஒடச்சிடணும், ரூல்" என்றார் அவர்.

"உள்ள இருக்கறத நீ எடுத்துக்க தம்பி. மேல இருக்கறதக் குடு."

புது டேக்கை அக்கா கழுத்தில் மாட்டியதோடு, ஊக்கு வைத்துச் சேலையிலும் குத்திக்கொண்டார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து போவது மட்டும் மாறவில்லை. திரும்பி வந்து, "வந்துட்டேன், தொற" என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். உள்ளே ஒன்றுமில்லாத பழைய டேக் அவருடைய பையில் இருந்தது. மறுநாள் காலையிலிருந்து நாட்றம்பள்ளி பஸ்ஸில் கைக்குட்டைக்குப் பதிலாக அதுதான் ஜன்னல் வழியாகப் போனது.