இரண்டு கையெழுத்துக்கு ஒரு கப்பல்

மருத்துவமனையில் பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லோரும் அவளை எக்ஸ்ரேக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாகக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று, "அசையாதீங்க, மூச்சப் பிடிங்க, இப்ப விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அவள் பேச்சு அதைத் தாண்டாது என்று கணவர் கேலி செய்வார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிற மனிதர். ஆகையால் வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு விடுமுறை கிளப்பிலிருந்து ஃபோன் வந்தது. பேசியது ஒரு இளம்பெண்.

"மேடம், உங்க மெம்பர்ஷிப்ல முப்பத்தெட்டாயிரம் பாயிண்ட் அப்படியே கெடக்குது. அஞ்சு வருஷமா தொடவே இல்ல. இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணியோட காலாவதி ஆயிடும்."

"சரி, ஆகட்டும்" என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண் அடுத்ததைச் சொல்லிவிட்டாள். இப்போது அந்தப் பாயிண்டைத் தங்கும் விடுதிக்கு மட்டுமல்ல, கப்பலுக்கும் மாற்றிக்கொள்ளலாம். நான்கு நாள் கடலில் சுற்றிவிட்டு அதே துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். இரண்டு அறை, எட்டு பேர் வரை. கையிலிருந்து துறைமுக வரி கட்டினால் போதும்.

கப்பல் என்றதும் அவளுக்கு மகள் ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்தில் படிக்க வெளிநாடு போகிறாள். போவதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து எங்கேயாவது போக வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் பெரிசா இல்ல மேடம். ஆஃபீசுக்கு வந்து ரெண்டு மெம்பரும் கையெழுத்துப் போடணும். நீங்க, அப்புறம் உங்க தம்பி."

எக்ஸ்ரேக்கா சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். அதற்கு மேல் ஒரு வாய் இறங்கவில்லை.

அவளும் தம்பியும் பேசி ஐந்து வருஷம் ஆகிறது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஹோட்டலில் இலவச விருந்து என்று கூப்பிட்டு, மூன்று மணி நேரம் பேசிப் பேசியே தலையில் கட்டிய மெம்பர்ஷிப் அது. அக்காவும் தம்பியும் பாதிப் பாதி போட்டு, இரண்டு பேர் பெயரிலும் வாங்கினார்கள். ஏமாந்துவிட்டோம் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்தார்கள். ஆனால் அடுத்த ஆறு வருஷம், வருஷம் தவறாமல் இரண்டு குடும்பமும் ஒன்றாகப் போய்த் தங்கி வந்தார்கள். அந்த ஆறாவது வருஷம்தான் அது நடந்தது.

விடுதியின் நீச்சல் குளம். தம்பி மகளுக்கு அப்போது ஏழு வயது. குளத்தின் படியில் உட்கார்ந்து காலால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, பாப்பாவப் பாத்துக்க, நான் துண்டு எடுத்துட்டு வந்துடறேன்" என்று தம்பி அறைக்குப் போனான். மருத்துவமனையிலிருந்து இவளுக்கு ஃபோன் வந்தது. அடுத்த வார ட்யூட்டியில் ஏதோ குழப்பம். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. திரும்பியபோது படியில் குழந்தை இல்லை. குளத்தின் காவலாள் தண்ணீருக்குள் பாய்ந்துகொண்டிருந்தார்.

குழந்தை பிழைத்துவிட்டாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தம்பி கத்தவில்லை, அழவில்லை. ஆஸ்பத்திரி நடையில் அக்காவைப் பார்த்து, "உன்ன நம்பி விட்டுட்டுப் போனேன் பாரு" என்று மட்டும் சொன்னான். அதுதான் அவன் அவளிடம் கடைசியாகப் பேசியது.

அன்று மாலை அவள் கப்பல் விஷயத்தைக் கணவரிடம் சொன்னாள். அவர் வழக்கம்போல, "இத்தன பாயிண்டக் குடுத்தா காய்கறிக்காரர் ஒரு கிலோ தக்காளி தருவாரா?" என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"போய்க் கேளு" என்றார் பிறகு. "வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் கட்டறோம்ல, அதுல அவனோட பாதி இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. ஒரு வருஷங்கூடத் தவறல. பேச்சு வார்த்த இல்லாதவன் அத ஏன் கட்டணும்? யோசிச்சியா?"

அவள் யோசித்ததில்லை. யோசிக்கப் பயந்திருந்தாள் என்பதுதான் சரி.

புதன்கிழமை ட்யூட்டி முடிந்து நேராகத் தம்பியின் கடைக்குப் போனாள். கண்ணாடி வெட்டிக் கொடுக்கிற கடை. சுவரோரம் ஆளுயரக் கண்ணாடிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளே நுழைந்ததும் நான்கு பக்கத்திலும் அவள் உருவமே நின்றது. தம்பி நீள மேசையில் குனிந்து, அளவுக் கோலை வைத்துக் கோடு கீறிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தான். மறுபடி குனிந்துகொண்டான்.

"ஒரு கையெழுத்து வேணும்" என்றாள். எப்படியெல்லாமோ ஆரம்பிக்க நினைத்து வந்தவளுக்கு வாயில் வந்தது இதுதான்.

அவன் அளவுக் கோலை எடுத்து ஓரமாக வைத்தான். கீறிய கோட்டின் இரண்டு பக்கமும் விரலை வைத்து அழுத்தினான். கண்ணாடி டக்கென்று நேராகப் பிளந்தது. அவள் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது.

கப்பல், வெள்ளிக்கிழமை, ஐந்து மணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். "நீங்க வரணும்னு நான் கேக்கல. உன் பாதிக்கு என்ன உண்டோ அதக் குடுத்துடறேன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடு, போயிடறேன்."

"வீட்ல கேக்கணும்" என்றான் தம்பி. வெட்டிய துண்டை எடுத்து ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்தான். நின்று பார்த்துவிட்டு அவள் வெளியே வந்தாள். அவன் உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

வியாழக்கிழமை முழுவதும் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு, மூன்றரை மணிக்கே கிளப் அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஃபோனில் பேசிய பெண்தான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். படிவத்தை எடுத்து வைத்து, பெருக்கல் குறி போட்ட இடத்தில் இவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். கீழே இன்னொரு பெருக்கல் குறி காலியாக இருந்தது.

நாலே கால். நாலரை. அந்தப் பெண் ஒரு காபியைக் கொண்டுவந்து வைத்தாள். நாலே முக்காலுக்கு, "அவங்களுக்கு ஒரு ஃபோன் பண்ணிப் பாருங்களேன் மேடம்" என்றாள். எக்ஸ்ரேக்கா தலையை மட்டும் ஆட்டினாள். நம்பர் மனப்பாடம். அழுத்தத்தான் விரல் வரவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கதவு திறந்தது. தம்பி வந்தான். அவன் பின்னால் அவன் மனைவியும் வந்தாள். வேலை பார்க்கும் அழகு நிலையத்திலிருந்து அப்படியே வந்திருந்தாள். சீருடை மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

தம்பி பேனாவை எடுத்தான். மனைவி அவன் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, நாங்களும் வர்றோம்" என்றாள். குரலில் கோபமும் இல்லை, ஈரமும் இல்லை. "பாப்பா ஆசப்படறா. ஆனா ஒண்ணு. அவள நான் பாத்துக்குவேன். வேற யாரும் பாத்துக்க வேண்டாம். அது மட்டும் தெளிவா இருக்கட்டும்."

"சரி" என்றாள் எக்ஸ்ரேக்கா.

தம்பி கையெழுத்துப் போட்டான். அந்தப் பெண் படபடவென்று கம்ப்யூட்டரைத் தட்டினாள். அச்சுப்பொறி கரகரவென்று ஓடி நின்றபோது ஐந்தடிக்க மூன்று நிமிஷம்.

மூன்று வாரம் கழித்துக் கப்பல் ஏறினார்கள். எதிரெதிர் அறை. தம்பி மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது, நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா பார்க்கிறாள் என்று தெரிந்ததும் சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டாள். ஐந்து வருஷமாக அவளைக் கடற்கரைக்குக்கூடக் கூட்டிப்போனதில்லை, குளிக்கும்போது கதவைத் தாழிட விடுவதில்லை என்று எக்ஸ்ரேக்காவின் மகள் எப்படியோ தெரிந்துகொண்டு வந்து சொன்னாள்.

முதல் நாள் எல்லோரையும் மேல்தளத்தில் வரிசையாக நிறுத்தி, உயிர் காக்கும் ஆரஞ்சு நிற மேலங்கியை மாட்டிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். தம்பி மனைவி மகளின் வாரை இழுத்து இழுத்து இறுக்கினாள். "அம்மா, மூச்சு முட்டுது" என்று பிள்ளை சொன்ன பிறகுதான் விட்டாள். எக்ஸ்ரேக்கா பார்வையைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சாப்பாட்டு மேசையிலும் அதே கதைதான். அவள் கணவர் ஒருவர்தான் பேசிக்கொண்டிருந்தார். "ஓட்டற ஆளு என்கிட்டப் படிச்சிருந்தா இந்நேரம் ரிவர்ஸ்ல போயிருப்போம்" என்றார். பிள்ளைகள் இரண்டும் சிரித்தார்கள். மற்ற மூன்று பேரும் தட்டைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் கடல் கொஞ்சம் புரண்டது. தம்பி மனைவிக்கு ஒரே குமட்டல். இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு அறையில் படுத்துவிட்டாள். மேல்தளத்தில் நீச்சல் குளம் இருந்தது. தம்பி தன் மகளை அங்கே கூட்டிவந்து, தண்ணீரிலிருந்து பத்தடி தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தான். எக்ஸ்ரேக்கா இன்னும் தள்ளி உட்கார்ந்திருந்தாள். தம்பியின் ஃபோன் அடித்தது.

"எழுந்திருக்கவே முடியலியா? சரி, மாத்திர வாங்கிட்டு வர்றேன்."

எழுந்தான். மகளைப் பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். மகளையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அப்படித்தான் செய்யப்போகிறான் என்று எக்ஸ்ரேக்கா நினைத்தாள். அவன் நேராக அவளிடம் வந்து நின்றான்.

"பத்து நிமிஷம்" என்றான். "பாத்துக்கக்கா."

அவள் பதில் சொல்வதற்குள் படியிறங்கிப் போய்விட்டான்.

எக்ஸ்ரேக்கா தன் ஃபோனை எடுத்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கணவரின் மடியில் போட்டாள். எழுந்து போய், யாரோ ஒரு பொடியன் போட்டிருந்த பந்தைக் காலால் ஒதுக்கிவிட்டு, தம்பி மகளுக்கு எதிரே நின்றுகொண்டாள். கண்ணை இமைக்கவும் பயமாக இருந்தது.

"அத்த, நான் எறங்கட்டுமா?"

"அப்பா வரட்டும்டா."

"அப்பா வந்தா வேண்டாம்னுதான் சொல்வாரு. இடுப்பு வரைக்குந்தான். ப்ளீஸ்."

பார்த்துக்கொள் என்றுதான் தம்பி சொன்னான். இறங்கலாமா கூடாதா என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றால் யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை தண்ணீரைப் பார்த்த பார்வை, கடை மூடியபின் வாசலில் நிற்கிறவர்களின் பார்வைபோல் இருந்தது. எக்ஸ்ரேக்காவுக்கு நீச்சல் தெரியாது. உடுத்திய உடையோடு முதலில் தான் இறங்கினாள். தண்ணீர் மார்பு வரை வந்தது. கையை நீட்டினாள்.

"ரெண்டு கையையும் புடிச்சுக்க. விடவே கூடாது."

பிள்ளை ஒவ்வொரு படியாக இறங்கினாள். மூன்றாவது படியில் உடம்பு வெடவெடவென்று ஆடியது. நின்றாள். பிறகு அடுத்த படியும் இறங்கினாள். இரண்டு பேரும் கையைப் பிடித்தபடி தண்ணீருக்கு நடுவில் நின்றார்கள்.

"அத்த, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீங்க ஃபோன் பேசிக்கிட்டே என்னப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க. நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் நான்தான் படிய விட்டுட்டு உள்ள போனேன். தண்ணிக்குள்ள ஒளிஞ்சு உங்கள பயமுறுத்தலாம்னு. வீட்ல அதப் பத்திப் பேசவே விட மாட்டாங்க. அதான் யார்கிட்டயும் சொல்லல."

எக்ஸ்ரேக்கா பிள்ளையின் முகத்தையே பார்த்தாள். பாரம் இறங்கினாற்போல் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அப்படி ஒன்றும் இறங்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை ஒளிந்து விளையாடத்தான் செய்யும். பார்க்க வேண்டியது பெரியவள்தான்.

"நான் திரும்பியிருக்கக் கூடாதுடா செல்லம். உன் மேல தப்பே இல்ல. அத மனசுல வச்சுக்காத."

நிமிர்ந்தபோது குளத்தின் விளிம்பில் தம்பி நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான், எவ்வளவு கேட்டான் என்று தெரியாது. முகம் வெளுத்திருந்தது. அவள் பிடியை இறுக்கினாள். திட்டப்போகிறான், இழுத்துக்கொண்டு போகப்போகிறான் என்று காத்திருந்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டான். கையால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"அப்பா, தண்ணி சூடா இருக்குப்பா" என்றாள் மகள்.

"யாரு எறங்கச் சொன்னது?"

தம்பி மனைவி. மாத்திரை போட்டுக்கொண்டு மேலேறி வந்திருந்தாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி, தலை கலைந்து நின்றாள்.

"நான்தான் எறக்குனேன்" என்றாள் எக்ஸ்ரேக்கா. அதே நொடியில் தம்பியும், "நான்தான் விட்டுட்டுப் போனேன்" என்றான்.

தம்பி மனைவி இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்திருந்த அந்தக் கைகளைப் பார்த்தாள். விரல் கணுவெல்லாம் வெளுக்கும்படி பிடித்திருந்தன.

"பத்து நிமிஷம்" என்றாள் கடைசியில். "காதுல தண்ணி போகக் கூடாது." நாற்காலியை இழுத்துக் குளத்தை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

மகள் அன்று ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள் என்றும், அம்மா ரொம்ப நேரம் அழுதாள் என்றும் தம்பி மறுநாள் காலையில் சொன்னான். கப்பலை விட்டு இறங்கும் வரிசையில், அக்காவின் பெட்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டே சொன்னான். தம்பி மனைவி திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். ஐந்து வருஷத்துக் கசப்பு நாலு நாளில் கரைகிற சமாச்சாரம் இல்லை.

ஆனால் வாகனம் பிடிக்க நிற்கும்போது அவளே பக்கத்தில் வந்தாள்.

"அண்ணி, பாப்பாவ நீச்சல் வகுப்புல சேக்கலாம்னு இருக்கேன். சனிக்கிழமதான் வகுப்பு. அன்னிக்குத்தான் எனக்குப் பார்லர்ல கூட்டமே. இவருக்கும் வேல." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க கூட்டிட்டுப் போக முடியுமா?"

எக்ஸ்ரேக்கா பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

"எத்தன மணிக்கு வரட்டும்?" என்று கேட்டாள்.