செம்பட்டைத் தலையும் ஒரு சவுரியும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெர்மன்காரர்கள் தேவாலயத்துக்குப் போவார்கள், இல்லையென்றால் தூங்குவார்கள். நான் வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்துகொண்டிருப்பேன். வெள்ளை வேட்டிக்குப் போடுகிற அதே நீலம்தான், ஆனால் வேட்டிக்கு அல்ல, என் தலைக்கு. இந்த வழக்கம் தொடங்கிய புதிதில் ஒருநாள் கீழ்வீட்டு அம்மாள் கொஞ்சம் சர்க்கரை கேட்டு மேலே வந்தார். ஈரத் தலையும் நீல வாளியுமாக நின்ற என்னைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இது உங்கள் மதச் சடங்கா?" என்று கேட்டார். மஞ்சளடித்துப்போகும் முடியை வெளுப்பாக்க நீலம் என்று விளக்கிச் சொல்லும் அளவுக்கு அப்போது எனக்கு ஜெர்மன் வராது. "யா" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த அம்மாள் ஞாயிறு காலைகளில் ரேடியோ சத்தத்தைக்கூடக் குறைத்துவிடுவார், பாவம். விளக்கம் சொல்லச் சோம்பல்பட்டு ஆமாம் போட்டுவிடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள புத்தி. அந்தப் புத்தியால் என் தங்கைக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் திண்டுக்கல் நாகல் நகர்க்காரி. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, அங்கிருந்த கன்னியாஸ்திரீகள் மூலமாக எண்பதுகளின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்து முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு வந்தேன். வரும்போது என் தலைமுடி இடுப்புக்குக் கீழே தொங்கும். எங்கள் ஊரில் முடி கொஞ்சம் பழுப்படித்தாலே, "தலை என்னடி இப்பிடிச் செம்பட்டை பாஞ்சு கெடக்கு, எண்ணெ வைக்கிறதில்லையா" என்று தெருவில் போகிறவர்கள்கூடக் கேட்பார்கள். சோறு காணாத பிள்ளை, கவனிப்பாரற்ற பிள்ளை என்பதற்கு அது அடையாளம். இங்கே வந்து பார்த்தால் கடைக் கண்ணாடியில், பத்திரிகை அட்டையில், எங்கே திரும்பினாலும் அந்தச் செம்பட்டைதான் அழகு. இயற்கையாக வாய்க்காதவர்கள் மருந்து போட்டு வரவழைத்துக்கொள்கிறார்கள். என்னோடு அறையில் இருந்த உர்சுலா அப்படிப்பட்டவள். இரண்டு வருடம் நான் பஸ்ஸில் போகும்போது என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். ஒருநாள் உர்சுலா தன் தலைக்குக் கலக்கிய மருந்தில் மிச்சம் இருக்கிறது, போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றேன். என் பின்னலைத் தோள் வரைக்கும் வெட்டிக் குப்பையில் போட்டாள். மூன்று முறை பூசிய பிறகு வைக்கோல் நிறத்தில் ஒருத்தி கண்ணாடியில் நின்றாள். மறுவாரம் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்து வானிலை பற்றிப் பேசினார். எனக்குப் பிடித்திருந்தது. இந்த ஒரு வாக்கியத்தை ஊரில் யாரிடமும் நான் இதுவரை சொன்னதில்லை.

வெளுக்க வைப்பது ஒருநாள் வேலை, அதைக் காப்பாற்றுவதுதான் பாடு. கறுப்பு வேர் மாதத்துக்கு ஒரு விரற்கடை வளர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். சலூனுக்குப் போவதெல்லாம் நினைத்தே பார்க்க முடியாது. சம்பளத்தில் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போக மிஞ்சுவது அம்மாவுக்குப் போய்விடும். ஆகவே மருந்துக்கடையில் பெராக்ஸைடும் வெளுக்கும் பொடியும் வாங்கி, பழைய பல் துலக்கும் பிரஷால் வேரில் மட்டும் தொட்டுத் தொட்டு வைப்பேன். முன்பு வெளுத்த பகுதியில் பட்டால் முடி அப்பளமாக நொறுங்கும். ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைத் தலையில் கட்டிக்கொண்டு அரைமணி உட்கார்ந்திருப்பேன். வறட்சிக்கு முட்டையின் மஞ்சள் கருவும் தயிரும். அலசும் கடைசித் தண்ணீரில் ஒரு மூடி வினிகர். மஞ்சள் ஏறினால் ஊரிலிருந்து கொண்டுவந்த நீலம், நான்கு சொட்டு, ஐந்தாவது விழுந்தால் அந்த வாரம் முழுக்க மயிலிறகுக்காரிதான். எண்ணெய் மட்டும் கூடாது. அம்மா பார்சலில் அனுப்பிய கரிசலாங்கண்ணித் தைலத்தை ஆசையாக ஒருநாள் தேய்த்துவிட்டு, பாசி பிடித்த தலையோடு வேலைக்குப் போனேன்.

இப்படி ஒரு வருடம் ஓடியிருக்கும். செல்வியிடமிருந்து ஏர்மெயில் வந்தது. செல்வி என் ஒரே தங்கை, ஐந்து வயது இளையவள். டைபாய்டு காய்ச்சலில் படுத்து எழுந்தாளாம், கொத்துக் கொத்தாக முடி கொட்டிவிட்டதாம். அதற்கு முன்பே நத்தத்தில் புளி, மாங்காய் வியாபாரம் செய்யும் வீட்டில் அவளைப் பேசி முடித்திருந்தார்கள். பெண் பார்க்க வந்தபோது அந்த மாமியார் செல்வியின் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பூ வைத்தாராம். "கல்யாணத்துக்கு ஆறு மாசம் இருக்கு. ஒன் முடியில ஒரு முழம் வெட்டி எடுத்துக்கிட்டு வாக்கா, சவுரி கட்டிக்கிறேன். ஒரு வயித்துல பொறந்தவுக முடின்னா வித்தியாசமே தெரியாதாம். நீ சரின்னு எழுது, எனக்கு உசுரு வந்துரும்" என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது என் தலையில் ரொட்டிப் பை இருந்தது. வெட்டிப் போட்ட பின்னலை எப்படி எழுதுவது, வைக்கோல் நிறத்தை எந்த வார்த்தையில் எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். கடைசியில், "முடிக்கு என்ன, இருக்கிறது. கவலைப்படாதே" என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். ஆறு மாதம் இருக்கிறதே, அதற்குள் ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற நினைப்பு.

செய்தது இதுதான். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கடையில் கறுப்புச் சாயம் ஒரு டப்பா வாங்கித் தேய்த்தேன். உர்சுலா வெட்டிய நாளிலிருந்து தோளுக்கு ஒரு சாண் கீழே வளர்ந்திருந்தது. கறுப்பும் பிடித்தது போலத்தான் தெரிந்தது. வெயிலில் நின்றால் மட்டும் ஒரு மாதிரிப் பச்சை. சவுரிக்கு நீளம் போதாவிட்டாலும் இணைத்துக் கட்டிக்கொள்ளலாம், கறுப்பு கறுப்புதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். செல்வி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இறங்கினதும் என் கொண்டையைத்தான் பார்த்தாள். "முடியக் கொறச்சுட்டியாக்கா" என்றாள். "கொஞ்சம்" என்றேன். "பரவால்ல, இம்புட்டு இருந்தாப் போதும்" என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எண்ணெய்க் குளியல், அதற்கு மறுப்பு கிடையாது. நான் தலைவலி என்றேன். "தலவலிக்குத்தாண்டி எண்ணெ" என்று அம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்து, காய்ச்சிய நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் வைத்துத் தேய்த்தார். பிறகு வெந்நீரும் சீயக்காயும். மூன்றாவது செம்பு ஊற்றும்போது அம்மாவின் கை நின்றுவிட்டது. கீழே மையைக் கொட்டியது மாதிரித் தண்ணீர் ஓடியது. அம்மாவின் விரல்களுக்கிடையில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு கொத்து முடி, வேரோடு அல்ல, நடுவில் ஒடிந்து வந்திருந்தது. "அங்க சோறு போடுறாகளா இல்லையாடி?" என்று கேட்டார். கோபம் இல்லை, பயம்தான் அந்தக் குரலில். அவருக்குத் தெரிந்து அப்படி முடி வருவது பட்டினிக்குத்தான். நான் அனுப்பிய ஒவ்வொரு காசையும் நான் வயிற்றைக் கட்டி அனுப்பினேன் என்று நினைத்து அழுதார். "இல்லம்மா, நானாத்தான் போட்டுக்கிட்டேன், அழகுக்கு" என்றேன். அம்மாவுக்கு அது புரியவே இல்லை. செல்விக்குப் புரிந்தது. துண்டை வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றாள்.

அப்போதும் செல்வி விடவில்லை. கடைத்தெருவில் முடி வாங்கிச் சவுரி கட்டித் தரும் ஓர் அம்மாவிடம் என்னை அழைத்துக்கொண்டு போனாள். அவர் என் தலையில் ஒரு கற்றையைப் பிடித்து இரண்டு விரலால் லேசாகச் சுண்டினார். அறுந்து வந்தது. "இது கட்டுக்குத் தாங்காது தாயி. முடிச்சுப் போடயிலேயே உதுந்துரும்" என்றார். பிறகு உள்ளேயிருந்து கறுகறுவென்று ஒரு கட்டு எடுத்துவந்து காட்டினார். பழனியில் மொட்டை போட்டவர்களின் முடி, ஏலத்தில் எடுத்தது, சுத்தம் செய்தது, பாதி விலைக்குத் தருகிறேன் என்றார். நான் வாங்கிவிடலாம் என்றேன். செல்வி தொடக்கூட இல்லை. "யாரோ என்ன கஷ்டத்துக்கோ முருகனுக்குன்னு குடுத்தது. அத எடுத்து நான் எந்தலயில வச்சுக்கிட்டு மணவறையில ஒக்காரவா" என்றாள். கடைசியில் நைலான் சவுரி ஒன்று வாங்கினோம். திரும்பி வரும் வழியில்தான் அவள் அதைச் சொன்னாள். "முடி இல்லங்கிறது பெருசில்லக்கா. இல்லன்னு ஒரு வரி எழுதியிருந்தின்னா, கல்யாணத்த அடுத்த தைக்குத் தள்ளி வைங்கன்னு அம்மாகிட்டச் சொல்லியிருப்பேன். அதுக்குள்ள எனக்கே வளந்திருக்கும்ல."

நான்கு விரல் முடியில் நைலான் எப்படி நிற்கும்? கறுப்பு நூலும் கொண்டை ஊசியுமாகக் குத்திக் குத்தி நிறுத்தினோம். அதன் மேல் நிலக்கோட்டை மல்லிகையில் கட்டிய பூச்சடை, ஈரத்தோடு கனம் கனமாக இழுத்தது. செல்வி அன்று முழுக்கக் கழுத்தை அசைக்கவில்லை. மணப்பெண் தலையைக் குனிந்திருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரியவர்கள் காலில் விழும்போது ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சடையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தரையைத் தொட்டாள். நத்தத்துக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பார்களா? "பொண்ணு குனியவே மாட்டேங்குது, ஒத்தக் கையால கும்புடுது, திமிரப் பாரு" என்று பந்தியிலேயே பேச்சு வந்துவிட்டது. சவுரி அவிழவே இல்லை, யாருக்கும் விஷயம் தெரியவும் இல்லை. ஆனால் திமிர் பிடித்தவள் என்ற பெயர் மட்டும் அவளோடு நத்தத்துக்குப் போனது. வாயில்லாப் பூச்சி அவள். குழம்பில் உப்புக் கூடினால் திமிர், வாசலில் வந்தவரை வாங்க என்று கேட்கச் செத்த நேரம் தாமதித்தால் திமிர் என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் எழுதியதே இல்லை, அம்மா எழுதித்தான் தெரியும்.

ஜெர்மனிக்குத் திரும்பி வந்ததும் பெராக்ஸைடைக் கழிவறையில் கொட்டினேன். நான்கு வருடம் முடியை வளர்த்தேன். மேலே கறுப்பும் கீழே மஞ்சளுமாக நான் திரிந்ததைப் பார்த்து உர்சுலா சிரிப்பாள், இல்லத்துப் பாட்டிகள் எனக்கு ஏதோ நோய் என்று கவலைப்பட்டார்கள். மஞ்சளெல்லாம் வெட்டுப்பட்டுப் போய், சுத்தக் கறுப்பாக முதுகு வரைக்கும் வந்ததும், கழுத்தோடு ஒட்ட வெட்டி, நூலால் கட்டி, மல் துணியில் சுற்றி, ஊருக்குப் போன ஒரு நர்ஸிடம் கொடுத்தனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துச் செல்வியிடமிருந்து கல்யாணத்துக்குப் பிறகான முதல் கடிதம் வந்தது. "முடி வந்துச்சு. எனக்கு இப்ப இடுப்பு வரைக்கும் வளந்திருச்சு. ஒன்னோடத சவுரியாக் கட்டிப் பெட்டியில வச்சிருக்கேன். நீ வாரப்ப ஒனக்கு ஆகும்." அவ்வளவுதான். குத்திக்காட்டுகிறாளா, மன்னிக்கிறாளா என்று பலமுறை படித்தும் தெரியவில்லை. அந்த வாரம்தான் மறுபடி பிளீச் வாங்கினேன். குட்டையாக வெட்டிய தலைக்கு மருந்தும் குறைவாகத்தானே ஆகும்.

அவள் மகனுக்குக் காதுகுத்து என்று போனபோது, கறுப்புச் சாயத்தோடு நத்தத்தில் போய் இறங்கினேன். செல்வி கதவைச் சாத்திவிட்டு, என்னை முக்காலியில் உட்காரவைத்து, பெட்டியைத் திறந்து, என் முடியை எடுத்து என் தலையில் வைத்துக் கட்டினாள். ஊசி ஒவ்வொன்றையும் குத்தும்போது, "வலிக்குதா" என்று கேட்டாள். கூட்டத்தில் அவள் மாமியார் வந்து என் பின்னலைத் தூக்கிப் பார்த்து, "சீமையில இருந்தும் முடியக் காப்பாத்தி வச்சிருக்கியே ஆத்தா. அசலா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "அசலுதான் அத்த, எங்க அக்கா முடியேதான்" என்றாள் செல்வி. நான் கழுத்தை அசைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். மாமியார் நகர்ந்ததும் அவள் என்னைப் பார்த்தாள். "கொஞ்ச நேரந்தான்க்கா, பொறுத்துக்க" என்றாள்.

அதிலிருந்து ஒவ்வொரு முறையும் இப்படித்தான். போனதும் கட்டிவிடுவாள், கிளம்புகிற அன்று கதவைச் சாத்திக்கொண்டு அவிழ்ப்பாள். ஒருமுறை, கையோடு எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். "அங்க எதுக்கு ஒனக்கு" என்று சொல்லிவிட்டு, சிக்கெடுத்து, நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, அதே மல் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். நான் முக்காடு போட்டுக்கொண்டு திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினேன்.